பூட்டுக்கு வெளியே

பாய்லர் பக்கத்திலேயே காலத்தை ஓட்டியவருக்கு வியர்வை ஒரு புது விஷயமா? ஆனாலும் அன்று காலை, சாப்பாட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த பாய்லர்காரருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அது சூட்டில் வந்த வியர்வை இல்லை. துடைத்தால் ஜில்லென்று இருந்தது.

முன்னால் ஒரு படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். சலவை ஆலையில் விரிப்புக்கா பஞ்சம். அதன் பக்கத்தில் பேராசிரியை மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் வாயிலிருந்து பாய்லர்காரரின் சொந்த வார்த்தைகள் வரப்போகின்றன. அதைக் கேட்க முதல் வரிசையில் பாய்லர்காரரின் மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மாப்பிள்ளைதான் அங்கே சூப்பர்வைசர். ஒரே மகளைக் கொடுத்த இடம்.

ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்புகிற விரிப்பு, உறை, துண்டு எல்லாம் அழுக்காக வந்து வெள்ளையாகத் திரும்பிப் போகிற பெரிய ஆலை அது. துவைக்கிற பிரிவில் உள்ளூர் ஆட்கள். உலர்த்துகிற பிரிவில் வெளியிலிருந்து வந்தவர்கள், வேறு பேச்சு பேசுகிறவர்கள். இவர்கள் உட்காரும் பெஞ்சில் அவர்கள் உட்கார மாட்டார்கள். அவர்கள் குடித்த டம்ளரை இவர்கள் தொட மாட்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பித்த வாய்ச்சண்டை ஒருத்தன் பல்லில் போய் முடிந்தது. வெளியாட்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். உலர்த்த ஆளில்லாமல் ஈரத்துணி மலையாகக் குவிந்த பிறகுதான் மானேஜருக்குப் புத்தி வந்தது. பேராசிரியையைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மனித மனசைப் படிக்கிற படிப்பாம். பலவகை ஆட்கள் சேர்ந்து வேலை செய்கிற இடம் ஏன் கெட்டுப்போகிறது, எப்படிச் சீராகும் என்று ஆலை ஆலையாகப் போய்ப் பார்க்கிறவராம். முதல் நாள் மானேஜர் அவரை அறிமுகப்படுத்தி, "பன்முகத்தன்மை, நிறுவன மேம்பாடு" என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தபோது, பின்னாலிருந்து ஒருத்தன், "இது சாப்பாட்டுக்கு முன்னாடி போடுற மாத்திரையா, பின்னாடி போடுறதா?" என்றான். கூடமே சிரித்தது. பாய்லர்காரரும்தான் சிரித்தார்.

அவருக்குப் படித்தவர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. படித்தவன் கேள்வி கேட்டால் மூன்று பதில் வைத்திருப்பார்: தெரியாது, பார்க்கவில்லை, நான் அங்கே இல்லை. அதை வைத்தே இத்தனை காலம் வேலையைக் காப்பாற்றிக்கொண்டவர். ஆனால் அந்த அம்மா பாய்லர் கொட்டகைக்கு வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றுமே கேட்கவில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். சும்மா இருக்கிற ஆளிடம் சும்மா இருக்க மனுஷனால் முடியுமா? அதுதான் இவர்கள் தூண்டில். பாய்லர்காரர் வாயைத் திறந்துவிட்டார்.

அவர் சொன்னது உலர்த்தும் கூடத்தின் பின்கதவைப் பற்றி. ஆபத்துக்கு ஓடுவதற்கென்று வைத்த கதவு அது. திறந்தால் பாய்லர் கொட்டகைப் பக்கம் வரும். வெளியாட்கள் துண்டு திருடிக்கொண்டு அந்த வழியாகப் போகிறார்கள் என்று சூப்பர்வைசர் அதற்கு வெளிப்பக்கம் பூட்டுப் போட்டார். சாவி அவர் இடுப்பில். ஒரு நாள் உலர்த்தும் இயந்திரத்தில் பஞ்சுத் தூசி பற்றிக்கொண்டு கூடமெல்லாம் புகை. உள்ளே இருந்தவர்கள் பின்கதவுக்கு ஓடிவந்தார்கள். பாய்லர்காரர் பூட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். உள்ளேயிருந்து கைகள் தகரத்தில் மோதின. முதலில் தட்டின, பிறகு அறைந்தன, பிறகு பிறாண்டின. அவர் பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், வேறு என்ன செய்வது என்று தெரியாமல். யாரோ முன்பக்கம் தண்ணீர் அடித்து அணைத்துவிட்டார்கள். எவரும் சாகவில்லை. மறுநாளும் அதே பூட்டு தொங்கியது. அந்தப் பிறாண்டல் மட்டும் பாய்லர்காரரின் காதை விட்டுப் போகவில்லை.

"உங்க பேரை எடுத்துடுவேன் ஐயா," என்று பேராசிரியை சொல்லியிருந்தார். "வேலை, வயசு எல்லாத்தையும் மாத்திடுவேன். இது நீங்கதான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா உங்க வார்த்தையில மட்டும் கை வைக்க மாட்டேன். அது எங்க தொழில் மரியாதை."

அன்று அது நல்ல பேச்சாகத்தான் பட்டது. இப்போது அதிலேயே ஓட்டை தெரிந்தது. பாய்லர்காரர் வாயைத் திறந்தால் பாய்லர்தான் வரும் என்று ஆலைக்கே தெரியும். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாலும் வால்வு, கரண்டைப் பற்றிக் கேட்டாலும் வால்வு. பேரை எடுத்துவிட்டு வார்த்தையை வைப்பது, தலையை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டுவது மாதிரி இல்லையா?

மாப்பிள்ளைக்குத் தெரிந்தால் தன் வேலை போகும். போகட்டும், அதைவிட, மகள் அங்கே இருக்கிறாள். மாப்பிள்ளை கை ஓங்குகிறவர் என்று அவள் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. கொஞ்ச காலமாக வீட்டுப் பக்கமே வருவதில்லை. போன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுப்பார். "அவ குளிக்கிறா மாமா." எந்த நேரம் போட்டாலும் குளிக்கிறாள். "மாப்பிள்ளைகிட்ட வாயைக் கொடுத்துடாதீங்க, அவ அங்கதான் வாழணும்," என்று அவர் மனைவி தினமும் காலையில் டிபன் பையோடு சேர்த்து இதையும் கட்டிக் கொடுப்பாள்.

பேராசிரியை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொருவர் சொன்னதும் திரையில் வந்தது. டம்ளர் விஷயம் வந்தது. பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது வந்தது. இரண்டு பக்கமும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். பிறகு:

"உள்ள ஆளை வெச்சுக் கதவைப் பூட்டுறது, வால்வை அடைச்சுட்டுத் தீயைப் போடுற மாதிரி. அழுத்தம் காட்டுற ஊசி சிவப்புக்குப் போறது நமக்குத் தெரியாது. வெடிச்ச அப்புறம்தான் தெரியும். சொல்லிட்டேன், பிறகு என் மேல வராதீங்க."

கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. திரும்பிப் பார்க்காமல் இருக்க ஆட்கள் படுகிற பாட்டைப் பாய்லர்காரர் பார்த்தார். பக்கத்தில் இருந்தவன் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டான். மூச்சு வாங்குவதற்குள் பேராசிரியை கீழே இருந்த வரியையும் வாசித்தார்.

"இதைச் சொன்னவர், உலர்த்தும் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண். வெளியிலிருந்து வந்தவர்."

பாய்லர்காரருக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அடுத்த கணமே அது போய்விட்டது.

பேராசிரியை ஆலைக்கு வந்தபோது உலர்த்தும் பிரிவில் வெளியிலிருந்து வந்த பெண்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பாய்லர்காரரை ஒளித்துவிட்டதாக அவர் நினைப்பு. இடையில் அந்தப் பெண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது ஒருத்திதான். உயரமாக இருப்பதால் நெட்டை என்று கூப்பிடுகிற பெண். இந்தப் பேச்சே இன்னும் அவளுக்குச் சரியாக வராது. வால்வு என்றால் தின்கிற சாமானா என்று கேட்பாள். இப்போது கூடமே அவளைப் பார்த்தது. யாரைப் பார்க்கக் கூடாது என்று தெரிந்த பிறகு, பார்க்க ஓர் ஆள் கிடைத்துவிட்டது. என்ன வாசித்தார்கள் என்று புரியாமல் அவள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள்.

மாப்பிள்ளை எழுந்து, திரும்பி, நிதானமாகக் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை மாமனார் மேல் வந்து நின்றது. அங்கேயே இருந்தது.

கூட்டம் கலைந்து வாசலுக்கு வந்தபோது தோளில் ஒரு கை விழுந்தது.

"என்ன மாமா, வேர்த்துக் கொட்டுது? உடம்புக்கு ஆகலையா?"

"ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை."

"அந்த நெட்டைக்கு வாயைப் பாத்தீங்களா? சோறு போடுற இடத்தையே குத்தம் சொல்றா." கை தோளை விட்டு எடுபடவில்லை. "வால்வாம், ஊசியாம். எங்க கத்துக்கிட்டாளோ."

பாய்லர்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு சொல்லிக் கொடுத்தாங்கன்னு நான் கேக்கவே மாட்டேன் மாமா. குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல. சாப்பாட்டுக்கு அப்புறம் மானேஜர் அவளைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். தீ பத்தினதே அவளாலதான்னு நான் சொல்லப்போறேன். நீங்க பக்கத்துக் கொட்டகை, பார்த்திருப்பீங்க. வந்து ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க." தோளை மெதுவாக அமுக்கினார். "உங்க பொண்ணு நேத்துகூட உங்களைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தா."

தீ வைத்தவள் என்று போனால் வேலையோடு போகாது, போலீஸில் போய்த்தான் நிற்கும். ஊர் தெரியாத, பேச்சு தெரியாத பெண். மாப்பிள்ளையின் ஷூ சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைகிற வரைக்கும் பாய்லர்காரரால் காலை எடுத்துவைக்க முடியவில்லை.

பாய்லர் கொட்டகையில் அவருக்கு முன்னாலேயே பேராசிரியை வந்து நின்றிருந்தார். வாளியில் உட்காரவில்லை. முகத்தில் ரத்தம் இல்லை.

"ஐயா, தப்பு பண்ணிட்டேன். அவங்க எல்லாரும் வேலையை விட்டுப் போனது எனக்குத் தெரியாது."

"ஆளுங்க ஏன் போறாங்கன்னு பாக்கத்தானே உங்களைக் கூட்டிட்டு வந்தாங்க," என்றார் பாய்லர்காரர். "போனாங்களான்னு பாக்கலையா?"

பேராசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"போய்ச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு சொல்லலைன்னு சொல்லுங்க. உங்க பேச்சுக்கு மரியாதை உண்டு."

"அப்போ யாருன்னு கேப்பாங்க. அவ இல்லைன்னு நான் சொன்னாலே அடுத்து உங்க மேலதான் வரும். சொல்ல மாட்டேன்னு உங்களுக்கு வாக்கு கொடுத்திருக்கேன். நான் வாயைத் திறந்தா நீங்க மாட்டுவீங்க. திறக்கலைன்னா அவ மாட்டுவா." அவர் குரல் உடைந்தது. "அந்த வாக்கிலேருந்து என்னை நீங்க மட்டும்தான் விடுவிக்க முடியும். விடுங்கன்னு நான் கேக்கவும் கூடாது. கேக்கலை."

கேட்காமலே கேட்கிற வித்தை, பாருங்கள். பாய்லர்காரருக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த அம்மா நின்ற நிலையைப் பார்த்ததும் அதுவும் நிற்கவில்லை. பயந்தவர்கள் இரண்டு பேர் ஒரு பாய்லருக்கு முன்னால் நின்றார்கள், அவ்வளவுதான்.

"என் பொண்ணு அவர் வீட்டுல இருக்கும்மா," என்றார்.

பேராசிரியை தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. பாய்லரைக் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் ஆலைக்குப் பின்னால் இருந்த குடியிருப்புத் தெருவுக்கு நடந்தார். மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். "சொல்லட்டுமா, வேண்டாமா?" அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். பழியை அவள் தலையில் வைத்துவிட்டு நிம்மதியாக ஆமாம் போட்டுவிடலாம். உள்ளுக்குள் இருந்த கணக்கு அதுதான். மாப்பிள்ளை ஆலையில் இருக்கிற நேரத்தில் அந்த வீட்டுக்கு அவர் போவது அதுவே முதல் தடவை.

ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கம்பிக் கதவு. மகள் வீட்டு வாசலில் உலர்ந்த துணி கொடியிலேயே கிடந்தது. கம்பிக் கதவில் பூட்டு.

வெளியில் எங்கோ போயிருக்கிறாள் என்று திரும்பப் போனார். அப்போது உள்ளே பாத்திரம் உருண்டது.

"யாரு?" என்றது மகளின் குரல்.

அவர் அப்படியே நின்றார். கம்பிக்குப் பின்னால், இருட்டிலிருந்து அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதே வேகத்தில் தெருவைப் பார்த்தாள், இரண்டு பக்கமும்.

"அவரு வந்தாராப்பா கூட?"

"இல்லம்மா. என்ன இது, பூட்டு?"

"திருட்டு பயம்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"உள்ள ஆளை வெச்சா?"

"காலையில போட்டுட்டுப் போவாரு. வந்து திறப்பாரு. பழகிடுச்சுப்பா. வேணுங்கிறதெல்லாம் உள்ளயே இருக்கு." சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்தாள். நகங்கள் பிய்ந்திருந்தன. கம்பிக் கதவின் உள்பக்கச் சட்டத்தில் பெயின்ட் கீறிக்கிடந்தது.

பாய்லர்காரர் பூட்டைக் கையில் பிடித்தார். கனமாக, வெயிலில் சூடேறி இருந்தது. அதே கம்பெனிப் பூட்டு. உலர்த்தும் கூடத்துக்கு வாங்கியபோது இதற்கும் சேர்த்து வாங்கியிருப்பார். மறுபடியும் அவர் பூட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். காதுக்குள் அந்தப் பிறாண்டல் கேட்டது. இந்த முறை அது பெற்ற மகளின் கையிலிருந்து வந்தது. இத்தனை நாள், நான் வாயைத் திறந்தால் இவளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்தாரே, அது வாயைத் திறக்காமலேயே ஆகியிருந்தது.

"எத்தனை நாளா?"

"அம்மாகிட்ட சொல்லாதீங்க."

"போன்?"

"ரிப்பேருக்குக் கொடுத்திருக்காராம்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "நான் குளிச்சுக்கிட்டே இருக்கேன்ல."

அவரும் சிரிக்கப் பார்த்தார். இரண்டு பேருக்கும் வரவில்லை.

"நீங்க போங்கப்பா. நீங்க வந்துட்டுப் போனது தெரிஞ்சா..."

"இங்கேயே இரு," என்றார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான பேச்சு என்று உறைத்தது. வேறு எங்கே போவாள்?

மானேஜர் அறைக்குள் அவர் நுழைந்தபோது எல்லோரும் இருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் மானேஜர். ஓரமாகப் பேராசிரியை. நடுவில் நெட்டை, முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டு. இப்போது அவள் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை முகம் மட்டும் மலர்ந்தது.

"வாங்க மாமா. சார், இவர்தான் பக்கத்துல இருந்து பார்த்தவர். சொல்லுங்க மாமா."

பாய்லர்காரர் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு நொடி, வெறும் ஆமாம் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்துகூட விட்டது. அவ்வளவு சுலபமான வார்த்தை அது.

"அதைச் சொன்னது நான்," என்றார்.

"மாமாவுக்குக் கொஞ்ச நாளா உடம்பு சரியில்ல சார்," என்றார் மாப்பிள்ளை சட்டென்று.

"உள்ள ஆளை வெச்சுக் கதவைப் பூட்டுறது, வால்வை அடைச்சுட்டுத் தீயைப் போடுற மாதிரி," என்று பாய்லர்காரர் மறுபடியும் சொன்னார், பாடம் ஒப்பிக்கிற பையன் போல. "என் பேச்சு சார். இந்தப் பொண்ணுக்கு வால்வுன்னா என்னன்னே தெரியாது. தீயும் இவ வைக்கல. பஞ்சுத் தூசி. கூட்டி அள்ள ஆள் இல்ல. பின்கதவு பூட்டியிருந்துச்சு. அம்மா, நீங்க கொடுத்த வாக்கை நானே திருப்பிக் கொடுத்துட்டேன். இனி சொல்லுங்க."

பேராசிரியை எழுந்து நின்றார். "ஆமாம்," என்றார். "சொன்னது இவர்தான். இவரை மறைக்கிறதா நெனச்சு இந்தப் பெண்ணைக் காட்டிக் கொடுத்தது நான்."

மானேஜர் மாப்பிள்ளையைப் பார்த்தார். "பின்கதவைப் பூட்டியா வெச்சிருக்கீங்க?" கேட்ட தொனியில், தெரியாதது போலவும் இருந்தது, தெரிந்தது போலவும் இருந்தது. மேலே இருக்கிறவர்கள் தொனி எப்போதும் அப்படித்தான்.

"திருட்டு பயம் சார்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் பாய்லர்காரர் மேஜையை விட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

"சாவிக் கொத்தை வைங்க மாப்பிள்ளை."

"மாமா, இது ஆபீஸ்."

"ஆபீஸ் சாவி மட்டுமில்ல. வீட்டுச் சாவியும் அதுலதானே தொங்குது. என் பொண்ணையும் பூட்டித்தானே வெச்சிருக்கீங்க. இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன்."

நெட்டைக்கு என்ன புரிந்ததோ, அவள் ஓரடி நகர்ந்து பாய்லர்காரர் பக்கத்தில் வந்து நின்றாள். மாப்பிள்ளை மானேஜரைப் பார்த்தார். மானேஜர் பேராசிரியையைப் பார்த்தார். இந்த அம்மா இங்கே பார்த்ததை எங்கே போய்ப் பேசும் என்கிற யோசனை அந்த முகத்தில் ஓடியது.

"வைங்களேன்," என்றார் மானேஜர் கடைசியில்.

கொத்து மேஜையில் விழுந்தது. பாய்லர்காரர் அதை எடுக்கும்போது மாப்பிள்ளை குனிந்து, காதோரமாகச் சொன்னார்: "வீட்டுக்கு நானும்தான் வருவேன் மாமா."

பாய்லர்காரர் வெளியே வந்தார். முதலில் உலர்த்தும் கூடத்துப் பின்கதவு. வழியில் இருந்தது அதுதான். சாவி துவாரத்தில் நுழைய மறுத்தது. இல்லை, கை மறுத்தது. எப்படியோ திறந்து பூட்டைத் தரையில் போட்டார். அனல் முகத்தில் அடித்தது. உள்ளே இருந்தவர்கள் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்கள். அவர் நிற்கவில்லை.

தெருவில் திரும்பும்போது பின்னால் ஷூ சத்தம் கேட்டது. ஓடவில்லை, நடந்துதான் வந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. அதற்கும் பின்னால் வேறு காலடிகளும் கேட்டன, செருப்புச் சத்தம். பேராசிரியையா, நெட்டையா, மானேஜர் அனுப்பிய ஆளா தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும் என்று தெரிந்தது. பார்க்கவில்லை.

மகள் கம்பியைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"பின்னாடி வர்றாருப்பா," என்றாள். உதடு வெளுத்துப் போயிருந்தது.

"தெரியும்."

ஒரு சாவியைப் போட்டார், சேரவில்லை. இன்னொன்றைப் போட்டார். கொத்து கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தார். ஷூ சத்தம் கொடித்துணி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது கம்பிகளுக்கு நடுவே மகளின் கை வெளியே நீண்டது. அவருடைய நடுங்குகிற விரல்களை விலக்கிவிட்டுக் கொத்தை வாங்கியது.

"விடுங்கப்பா," என்றாள். "எந்தச் சாவின்னு எனக்குத் தெரியும்."